மருதோன்றிச் சாயமும் போத்தல் நூலும்: இருபதாவது சலவைக்குப் பிறகு என்ன மிஞ்சும்?

அண்மைக் காலமாக புறக்கோட்டையில் மாதிரித் துணிகளோடு கடைகடையாக ஏறி இறங்கும் முகவர்கள் ஒரே மூச்சில் மூன்று விடயங்களைச் சொல்கிறார்கள். துணி மறுசுழற்சிப் பொலியஸ்டர். சாயம் மூலிகைச் சாயம். அந்தச் சாயம் பக்டீரியாவைக் கொல்லும். ஹிஜாப், அபாயா, தொழுகை உடை என்று எமது வாடிக்கையாளருக்குத் தேவையான எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றும், மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் விற்பனையில் அதை விடக் கூடுதலாக எடுக்கலாம் என்றும் கணக்கு வேறு காட்டுகிறார்கள். கொவிட் காலத்துக்குப் பிறகு "கிருமியைக் கொல்லும்" என்ற சொல்லுக்குச் சந்தையில் இருக்கும் மவுசை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த மூன்றும் ஒரே துணியில் சேருமா? சேரும். ஆனால் மிகவும் ஒடுங்கிய ஒரு பாதையால் மாத்திரமே சேரும். அந்தப் பாதை எது என்று விசாரிக்காமல் கொள்கலன் கணக்கில் ஓடர் கொடுப்பதும், விசாரிக்காமலே "மூலிகைத் துணி" என்று லேபல் ஒட்டி விற்பதும் எமக்கு ஆகாது என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. ஏனைய வியாபாரிகளை விட எமக்கு இதில் ஆபத்து அதிகம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் துணியைப் பார்ப்போம். 1941இல் இங்கிலாந்தின் மன்செஸ்டரில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த பொலியஸ்டர் இழை இன்று உலகத்தையே உடுத்துகிறது. டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் கணக்குப்படி 2023இல் உலகில் உற்பத்தியான இழைகள் எல்லாம் சேர்த்து சுமார் 124 மில்லியன் தொன். அதில் 57 வீதம் பொலியஸ்டர். அந்தப் பொலியஸ்டரில் மறுசுழற்சி செய்யப்பட்டது எட்டில் ஒரு பங்கு மாத்திரமே. எமது கடைகளில் நிதா என்றும் ஜோர்ஜட் என்றும் கிரேப் என்றும் விற்கும் அபாயாத் துணிகளில் பெரும்பாலானவை பொலியஸ்டர்தான் என்பது வாங்கும் பெண்களில் பலருக்குத் தெரியாது. நாமும் சொல்வதில்லை.

மறுசுழற்சிப் பொலியஸ்டர் என்பது பெரும்பாலும் நாம் குடித்துவிட்டு வீசும் தண்ணீர்ப் போத்தல். போத்தல்களை நிறம் பிரித்து, கழுவி, துண்டுகளாக நொறுக்கி, 260 பாகை செல்சியஸுக்கு மேல் உருக்கி, மெல்லிய துளைகளால் இழையாக இழுத்தால் நூல். இது தொலைதூர நாட்டுக் கதை அல்ல. ஹொரணையில் ஈகோ ஸ்பின்டில்ஸ் நிறுவனம் போத்தல்களில் இருந்து இவ்வாறு நூல் தயாரிக்கிறது. 2019 உலகக் கிண்ணப் போட்டியில் எமது கிரிக்கெட் அணி அணிந்த மேலங்கி, கடலோரத்தில் சேகரித்த பிளாஸ்டிக்கைக் கொண்டு எம்.ஏ.எஸ். நிறுவனம் தயாரித்தது. அன்று அணி சோபிக்கவில்லை என்பது வேறு விடயம். மேலங்கி நன்றாகத்தான் இருந்தது.

மறுசுழற்சி நூலில் ஒரு குறை உண்டு. புதிய பொலியஸ்டரைப் போல் அது பளிச்சென்ற வெள்ளை அல்ல. இலேசான மஞ்சளோ சாம்பலோ கலந்திருக்கும். ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நிறம் சற்று மாறும். இளநீலம், ரோஸ் போன்ற மென்நிறங்களுக்கு இது தலைவலி. கபில நிறத்துக்கும் காக்கிக்கும் இது ஒரு பொருட்டே அல்ல. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், மருதோன்றிக்கு வரும்போது தேவைப்படும்.

ஏன் ஏறாது?

பருத்தி தண்ணீரைக் குடிக்கும். பொலியஸ்டர் குடிக்காது. மழையில் நனைந்த பருத்திச் சாரனையும் பொலியஸ்டர் சேர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காயப் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாவரச் சாயங்களில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைபவை. தண்ணீரே உள்ளே போகாத இழைக்குள் தண்ணீரில் கரைந்த சாயம் எப்படிப் போகும்? மாதுளைத் தோல், கடுக்காய், தேயிலை ஆகியவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் பெரிய மூலக்கூறுகள் வேறு. பருத்தியிலும் கம்பளியிலும் படிகாரம், அன்னபேதி போன்ற உப்புகள் இழையையும் சாயத்தையும் கட்டிப் பிடித்து வைக்கும். பொலியஸ்டரில் அந்த உப்புகளுக்கும் பிடிமானம் கிடையாது. ஆகவே சாயம் மேலே பூசியது போல் நின்று, முதலாவது சலவையிலேயே வாளித் தண்ணீரோடு போய்விடும்.

பொலியஸ்டருக்குச் சாயமேற்றும் முறையே வேறு. மூடிய இயந்திரத்தில், எமது வீட்டு பிரஷர் குக்கர் போல அழுத்தம் கொடுத்து, தண்ணீரை 130 பாகை வரை சூடாக்குவார்கள். அந்த வெப்பத்தில் இழை இளகி, உள்ளே நுண்ணிய இடைவெளிகள் திறக்கும். டிஸ்பர்ஸ் சாயம் என்று அழைக்கப்படும், தண்ணீரில் அநேகமாகக் கரையாத, மிகச் சிறிய மூலக்கூறுகள் அந்த இடைவெளிக்குள் நுழையும். சூடு ஆறியதும் கதவு மூடிக்கொள்ளும். சாயம் உள்ளே சிறைப்படும். தாவரச் சாயங்கள் பல இந்த 130 பாகையைத் தாங்காமல் நிறம் மாறி விடுகின்றன.

இந்த இடத்தில்தான் எமது மருதோன்றி வருகிறது. மருதோன்றி இலையில் நிறத்தைத் தருவது லோசோன் என்ற பொருள். நப்தோகுயினோன் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய மூலக்கூறு, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, வெப்பத்தைத் தாங்கும். அதாவது தொழிற்சாலையில் செய்த டிஸ்பர்ஸ் சாயத்தின் குணங்களை அல்லாஹ் ஓர் இலைக்குள் வைத்திருக்கிறான். கலியாண வீட்டில் கையில் ஏறும் மருதோன்றி தோலின் புரதத்தோடு சேர்ந்து நிற்கிறது. பொலியஸ்டரில் புரதம் இல்லை. அங்கே அது திறந்த இடைவெளிக்குள் புகுந்து நிற்கிறது. வழி வேறு, முடிவு ஒன்று. 130 பாகையில் பொலியஸ்டருக்கு மருதோன்றி ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் பல வெளிவந்திருக்கின்றன. நிறம் செம்மஞ்சளில் இருந்து கபிலம் வரை வரும். சலவைக்கு நன்றாகவே நின்று பிடிக்கிறது. வெயிலுக்கு நடுத்தரம்.

மருதோன்றி மாத்திரமல்ல. மஞ்சளின் குர்குமினும் பொலியஸ்டருக்குள் ஏறும். ஆனால் வெயிலில் நிறம் பறந்துவிடும்; மஞ்சள் பட்ட துணியை வெயிலில் போட்டு வெளுக்க வைப்பது எமது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வித்தைதானே. (2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, கிலோ விலை ஆயிரங்களைத் தொட்டு, கடல் வழியாகக் கடத்தி வந்த கதையையும் நினைத்துப் பாருங்கள். சமையலுக்கே கிடைக்காத பொருளை நம்பிச் சாயத் தொழில் நடத்த முடியாது.) மஞ்சிட்டி வகை வேர்களில் உள்ள அலிசரினும் இந்தச் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தது.

அலிசரின் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு காலத்தில் தோண்டப்பட்ட சாயவேரிலும் இருப்பது இந்த அலிசரின்தான். ஒல்லாந்தர் காலத்தில் அது அரசாங்கத்தின் ஏகபோகம். அந்த வேரைத் தோண்டுவதே ஒரு சமூகத்தின் தொழிலாக இருந்தது. 1868இல் ஜேர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் அலிசரினைச் செயற்கையாகச் செய்ததோடு உலகம் முழுவதும் இப்படிப்பட்ட வேர்களின் வியாபாரம் படுத்துவிட்டது. இன்று சாயவேரைக் காட்டினால் அடையாளம் காண்பவர்கள் மன்னாரிலேயே எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. இயற்கைச் சாயம் என்பது ஐரோப்பியர் இப்போது கண்டுபிடித்து எமக்குச் சொல்லித் தரும் பாடம் அல்ல என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இனி வியாபாரியின் கணக்குக்கு வருவோம். காய்ந்த மருதோன்றி இலையில் லோசோன் நூற்றுக்கு ஒன்று, கூடினால் இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக் கொள்வோம். 100 கிலோ துணிக்கு ஓரளவு அடர்த்தியான நிறம் வர 2 கிலோ சுத்தமான நிறப்பொருள் வேண்டும் என்றால், ஒரு துளியும் வீணாகாமல் எடுத்தால் கூட 200 கிலோ இலை வேண்டும். துணியின் நிறையைப் போல் இரு மடங்கு இலை! டிஸ்பர்ஸ் சாயம் என்றால் ஒருவர் கையில் தூக்கிக் கொண்டு போகக் கூடிய ஒரு சிறிய பக்கற்றில் வேலை முடியும். இலை அதிகமாக வருவது இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் பாலி மாவட்டத்துச் சோஜத் பகுதியில் இருந்து. கப்பல் கூலி, சாறு எடுக்கும் செலவு, எஞ்சிய சக்கையை அப்புறப்படுத்தும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், சாதாரணத் துணியை விட மீற்றருக்குச் சில ரூபாய்கள்தான் கூட என்று ஒருவர் சொன்னால், அந்தத் துணியில் மருதோன்றி எவ்வளவு இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

சக்கை மட்டுமல்ல, கழிவுநீரும் இருக்கிறது. இயற்கைச் சாயம் என்றால் கழிவுநீரும் சுத்தம் என்ற எண்ணம் தவறானது. இலைச் சாறு நிறைந்த தண்ணீர் ஆற்றில் கலந்தால், அது அழுகுவதற்குத் தண்ணீரில் உள்ள ஒட்சிசனை எடுத்துக் கொள்ளும், மீன் சாகும். 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப் பட்டறைகளை நொய்யல் ஆற்றின் மாசுக்காக சென்னை உயர் நீதிமன்றம் மூட வைத்தபோது எத்தனை ஆயிரம் குடும்பங்கள் தவித்தன என்பதை அங்கே கொள்வனவுக்குப் போய் வந்த எமது வியாபாரிகள் அறிவார்கள்.

கொல்வது எது? எத்தனை நாளைக்கு?

பொலியஸ்டர் துணிக்குக் கிருமி எதிர்ப்புத் தேவையா என்று கேட்டால், தேவைக்கு நியாயம் உண்டு. 2014இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி செய்த 26 பேரின் மேலங்கிகளை எடுத்துச் சோதித்து, பருத்தியை விட பொலியஸ்டரிலேயே துர்நாற்றம் அதிகம் என்றும், நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகொக்கஸ் பக்டீரியா பொலியஸ்டரில் நன்றாகப் பெருகுகிறது என்றும் கண்டார்கள். எமது உஷ்ணத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு பஸ்ஸில் அபாயாவோடு நின்று வரும் ஒரு பெண்ணுக்கு இந்த ஆய்வைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

இதுவரை இந்த நோக்கத்துக்காகத் துணிகளில் வெள்ளித் துகளும் ட்ரைக்ளோசான் போன்ற இரசாயனங்களும் சேர்க்கப்பட்டு வந்தன. வெள்ளி சலவையில் கழன்று தண்ணீருக்குப் போகிறது. ட்ரைக்ளோசானை சவர்க்காரங்களில் சேர்ப்பதை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடை செய்தது. ஆகவே தாவரத்தின் பக்கம் கண் திரும்பியது. மருதோன்றியின் லோசோனுக்கு பக்டீரியாவைத் தடுக்கும் குணம் இருப்பது ஆய்வுகூடங்களில் நிரூபிக்கப்பட்ட விடயம். எமது உம்மும்மாமார் கால் வெடிப்புக்கும் நகச்சுற்றுக்கும் மருதோன்றி அரைத்துப் போட்டது வீண் நம்பிக்கை அல்ல.

ஆனால் முடிச்சு இங்கேதான் விழுகிறது. பக்டீரியாவைக் கொல்லும் பொருள் பக்டீரியாவைத் தொட வேண்டும். மருதோன்றி இழைக்குள் ஆழமாகப் போய்ச் சிறைப்பட்டால் நிறம் போகாது. ஆனால் இழைக்கு வெளியே ஊரும் பக்டீரியாவை அது எப்படித் தொடும்? மேலோட்டமாக நின்றால் பக்டீரியாவைத் தொடும். ஆனால் சலவையில் கழன்று விடும். நன்றாக ஏறிய சாயம் குறைவாகவே கொல்லும், நன்றாகக் கொல்லும் சாயம் நிலைப்பதில்லை என்ற இந்த இழுபறிக்கு நடுவில் எங்கோ ஓர் இடத்தைப் பிடிப்பதுதான் சாயக்காரனின் திறமை. சிலர் இறால், நண்டு ஓட்டில் இருந்து எடுக்கும் கைட்டோசானைத் துணியின் மேல் பூசி, அதன் மேல் தாவரச் சாயத்தைப் பிடிக்க வைக்கிறார்கள். வேலை செய்கிறது. ஆனால் கைட்டோசானே பக்டீரியாவைத் தடுக்கக் கூடியது. இன்னும் சிலர் நிறத்தை நிறுத்தச் செம்பு உப்பைச் சேர்க்கிறார்கள். செம்பும் கிருமிகொல்லி. அப்படியானால் கொன்றது மூலிகையா, நண்டு ஓடா, செம்பா? லேபலில் மாத்திரம் மூலிகையின் படம்தான் இருக்கும்.

கடந்த வருடம் ஹிஜாப் துணி மாதிரியோடு வந்த ஒருவரிடம் பரிசோதனை அறிக்கை கேட்டேன். தாமதிக்காமல் எடுத்துக் காட்டினார். "99 வீதம்" என்று பெரிதாக எழுதியிருந்தது. எத்தனை சலவைக்குப் பிறகு எடுத்த கணக்கு என்று கேட்டேன். புதுத் துணியில் எடுத்தது என்றார். இருபது தரம் கழுவிய துணியின் அறிக்கை இருந்தால் கொண்டு வாருங்கள், பேசலாம் என்றேன். இன்று வரை அவர் திரும்பி வரவில்லை. ஹிஜாபைப் பெண்கள் வாரத்தில் இரண்டு மூன்று முறை கழுவுகிறார்கள். இருபது சலவை என்பது இரண்டு மாதம்.

வீதக் கணக்கையும் கொஞ்சம் கவனியுங்கள். பத்து இலட்சம் பக்டீரியாவில் 90 வீதம் செத்தது என்றால் காதுக்கு இனிமையாக இருக்கும். மீதி ஒரு இலட்சம் உயிரோடு இருக்கிறது. உகந்த ஈரமும் சூடும் கிடைத்தால் சில வகைப் பக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கும். ஒரு மணித்தியாலம் சற்று கடந்ததும் பழைய பத்து இலட்சம் திரும்ப வந்துவிடும். 99.9 வீதம் என்றால் மிஞ்சுவது ஆயிரம். 90க்கும் 99.9க்கும் இடையில் காகிதத்தில் பத்துத்தான் வித்தியாசம். துணியில் அது நூறு மடங்கு.

அறிக்கையில் சோதனையின் பெயரும் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 20743 அல்லது ஏ.ஏ.ரீ.சீ.சீ. 100 என்றிருந்தால் பக்டீரியாவை எண்ணிப் பார்த்த சோதனை. ஏ.ஏ.ரீ.சீ.சீ. 147 என்றிருந்தால் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்வது மாத்திரம். அதை வைத்து வீதம் போட முடியாது. எந்தப் பக்டீரியாவில் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். ஸ்டெபிலொகொக்கஸ் ஓரியஸ் ஒன்றில் மாத்திரம் சோதித்துவிட்டு எல்லாக் கிருமிக்கும் என்று எழுதக் கூடாது, ஈ.கோலி அல்லது க்ளெப்சியெல்லா போன்ற மற்ற வகையிலும் சோதித்திருக்க வேண்டும். நிறம் போகாது என்பதற்கு சலவை, வெயில், உராய்வு, வியர்வை ஆகிய நான்குக்கும் தனித்தனி ஐ.எஸ்.ஓ. சோதனைகள் உண்டு. இந்த நான்கில் எமது நாட்டுக்கு வியர்வையும் வெயிலும் பெரிது.

"மறுசுழற்சி" என்பதற்கும் ஆதாரம் கேளுங்கள். ஜீ.ஆர்.எஸ். என்ற தரச் சான்றிதழ் பெற குறைந்தது 20 வீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்பதும், பாவனையாளர் பார்க்கும்படி அதன் சின்னத்தைப் பொறிக்க 50 வீதம் வேண்டும் என்பதும் வரையறை. தொழிற்சாலையின் சுவரில் தொங்கும் சான்றிதழ் போதாது. நீங்கள் வாங்கும் அந்தத் தொகுதிக்குரிய பத்திரம் வேண்டும்.

கறுப்பு அபாயாவை எந்த மூலிகை கறுப்பாக்கியது?

எமது சந்தையில் அதிகமாக விலைபோவது கறுப்பு. அன்னபேதியும் கடுக்காயும் சேர்ந்தால் பருத்தியில் கறுப்பு வரும், நல்ல கறுப்பு. பொலியஸ்டரில் அது பிடிக்காது. மருதோன்றி எவ்வளவு ஏற்றினாலும் கபிலத்தைத் தாண்டாது. ஆகவே பளபளக்கும் கறுப்பு நிதாத் துணியைக் காட்டி, இது முழுக்க மூலிகைச் சாயம் என்று ஒருவர் சொன்னால் அறிக்கை கேட்கவும் தேவையில்லை. டிஸ்பர்ஸ் கறுப்பின் மேல் ஏதோ ஒரு சாற்றைத் தெளித்திருப்பார்கள், அல்லது அதுவும் இல்லை. "கறுப்பு மருதோன்றி" என்ற பெயரில் கைக்குப் பூசி, தோல் கொப்பளித்து வைத்தியசாலைக்குப் போன பெண்பிள்ளைகளின் கதையும் இதுதான். அதில் கறுப்பைத் தந்தது இலை அல்ல, தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பீ.பீ.டீ. என்ற இரசாயனம்.

இயற்கை என்பதால் எவருக்கும் தீங்கில்லை என்று சொல்வதும் சரியல்ல. ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் குறைவான குழந்தைகளின் உடம்பில் மருதோன்றி பூசியதால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உயிராபத்து வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. துணியில் இருந்து தோலுக்கு எவ்வளவு வரும் என்பதை அளந்து பார்க்காமல் கைக்குழந்தை உடுப்புக்கு இந்தத் துணியைக் கொண்டு போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மறுபுறம், டிஸ்பர்ஸ் நீலம் 106, 124 போன்ற சில சாயங்கள் தோல் ஒவ்வாமை தருபவை என்பதும் தெரிந்ததே. ஹிஜாபுக்கு உள்ளே அணியும் தொப்பி, அபாயாவின் உட்துணி, தோளில் போடும் கபில நிற ஷோல், விளையாட்டு உடை ஆகியவற்றுக்கு மருதோன்றி ஏற்றிய மறுசுழற்சித் துணி மிகப் பொருத்தம். மஞ்சள் பூத்த மறுசுழற்சி நூலின் குறையும் கபில நிறத்தில் மறைந்துவிடும். சந்தை சிறியது, ஆனால் பொய் சொல்லாமல் விற்கக் கூடியது.

இலைச் சாறு எடுக்க மதுசாரம் பாவிக்கிறார்களே, அந்தத் துணியில் தொழலாமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் உலமாக்கள்; கடைக் கல்லாவில் இருந்து கொண்டு நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் சாறு எதில் எடுக்கப்பட்டது என்ற உண்மையை விசாரித்து அவர்கள் முன் வைப்பது எமது கடமை.

எமக்கு ஆபத்து அதிகம் என்று ஆரம்பத்தில் சொன்னதற்குக் காரணம் இது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி கிளப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அதற்குள் எரிந்தது எரிந்துவிட்டது. முஸ்லிம் புடைவைக் கடைகளில் விற்கும் பெண்களின் உள்ளாடைகளில் மலட்டுத் தன்மை உண்டாக்கும் மருந்து பூசியிருப்பதாகவும் அந்த வருடங்களில் கதை பரப்பினார்கள். உடுப்பில் எதுவுமே பூசாமல் விற்ற காலத்தில் எமக்கு நடந்தது இது. இப்போது நாமே "இந்தத் துணியில் உயிர்களைக் கொல்லும் மூலிகை மருந்து இருக்கிறது" என்று லேபல் ஒட்டப் போகிறோம். என்ன மருந்து, எவ்வளவு, யார் சோதித்தது என்று ஒருவர் கேட்டால் மேசையில் வைக்க ஒரு கடதாசி இல்லாவிட்டால் நிலைமை என்னவாகும்?

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் விற்பனையைத் தடுக்கிறது. ஏற்றுமதி செய்ய நினைப்பவர்களுக்கு வேலி இன்னும் உயரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 528/2012 இலக்க ஒழுங்குவிதியின்படி, பக்டீரியாவைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் துணியில் அதைச் செய்யும் பொருளின் பெயர் லேபலில் இருக்க வேண்டும். அந்தப் பொருள் அந்த உபயோகத்துக்கு அவர்களின் அனுமதி நடைமுறைக்குள் வந்திருக்கவும் வேண்டும். இலைச்சாறு என்பதால் விலக்கில்லை. 2024இல் அவர்கள் இயற்றிய இன்னொரு பணிப்பாணை, ஆதாரமில்லாமல் "சுற்றாடலுக்கு உகந்தது" என்று பொதுவாக எழுதுவதையே தடை செய்கிறது. அதன் நடைமுறைத் திகதி 2026 செப்டெம்பர் 27. அமெரிக்காவில் துணியைத் துர்நாற்றத்தில் இருந்து காக்கும் என்று சொல்லலாம். அணிபவரை நோயில் இருந்து காக்கும் என்று சொன்னால் கிருமிநாசினிப் பதிவு கேட்பார்கள். எம்மவருக்கும் இந்தப் பிரிப்பு நல்லது. "நாற்றம் குறையும்" என்பது சோதித்துப் பார்த்துச் சொல்லக் கூடிய வார்த்தை. "நோய் வராது" என்பது யாரும் சொல்லக் கூடாத வார்த்தை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் எமது ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்பதுதான். அந்த வியாபாரி மழையில் நனைந்தது என்றார். எமது ஆட்கள் சப்ளையர் அப்படித்தான் சொன்னார் என்பார்கள்.

தனித்தனியாகப் பரிசோதனைச் செலவு தாங்காது என்பது உண்மை. ஆனால் ஒரே தொழிற்சாலையின் ஒரே துணியைப் பத்துக் கடைகள் இறக்குகின்றன. பத்துப் பேரும் சேர்ந்து ஒரு மாதிரியைப் பரிசோதித்தால் செலவு பத்தில் ஒன்று. கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் புடைவை, ஆடைப் பொறியியல் பிரிவு, இரத்மலானையில் உள்ள இலங்கை புடைவை, ஆடை நிறுவகம் ஆகியவற்றில் எது எந்தச் சோதனையைச் செய்து தரும் என்று விசாரித்து ஒரு பட்டியல் வைத்துக் கொள்வது எமது வர்த்தகச் சங்கங்கள் செய்யக் கூடிய காரியம். இஃப்தார் நிகழ்ச்சி நடத்த முடிகிறது என்றால் இதையும் நடத்தலாம்.

தாவரச் சாயத்தில் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு யோசனையும் சொல்வேன். மருதமுனையில் எமது நெசவாளர்களின் தறிகள் இன்னும் ஓடுகின்றன. கடுக்காயும் மஞ்சிட்டியும் மாதுளைத் தோலும் ஏறுவதற்கென்றே படைக்கப்பட்ட இழை பருத்தி. பொலியஸ்டரோடு மல்லுக்கட்டி ஏற்ற முடியாத நிறங்களை எல்லாம் பருத்திச் சாரனிலும் சேலையிலும் படிகாரத்தோடு சாதாரண அண்டாவில் ஏற்றலாம். பிரஷர் இயந்திரம் வேண்டாம். போத்தல் நூலுக்கு மருதோன்றி, பருத்திக்கு மற்றதெல்லாம் என்று பிரித்துக் கொண்டால் இரண்டுக்கும் சந்தை உண்டு.

பெருநாள் சரக்குக்கு இந்த வகைத் துணியை எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபது சலவை, அதன் பிறகு பக்டீரியாப் பரிசோதனை, நிறப் பரிசோதனைகள் என்று எல்லாம் முடிய வாரக்கணக்கில் எடுக்கும். கொள்கலன் துறைமுகத்துக்கு வந்த பிறகு மாதிரியைக் கொடுத்துப் பயனில்லை. ஓடர் போடும் முன்பே இரண்டு மீற்றர் வாங்கி, ஒரு மீற்றரை ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். மற்றதை வீட்டில் கொடுத்து, கழுவிக் கழுவி உடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முற்பணத்தை இரண்டு முடிவும் வந்த பிறகு அனுப்பலாம்.